சூடானால் நிற்கும் கார், மாற்றினாலும் ஓடாத ஈசிஎம்

கேள்வி: என்னிடம் இருப்பது 2004 மாடல் பெட்ரோல் கார். அப்பா வாங்கியது, விற்க மனம் வரவில்லை. இரண்டு மாதமாக ஒரு தொல்லை. அரை மணி நேரம் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடானதும், சிக்னலில் நிற்கும்போது அப்படியே அணைந்துவிடுகிறது. செல்ஃப் சுற்றும்; ஸ்டார்ட் ஆகாது. ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். பிளக், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றியாயிற்று. எங்கள் மெக்கானிக் அண்ணன், “ஈசிஎம் போயிடுச்சு தம்பி” என்கிறார். புதிது எங்கும் கிடைக்கவில்லை. சென்னைக்குப் போய், புதுப்பேட்டையில் இதே மாடல் காரிலிருந்து கழற்றிய ஒன்றை வாங்கிவந்து மாட்டினோம். இப்போது ஸ்டார்ட் ஆகி ஒரே நொடியில் நின்றுவிடுகிறது. மீட்டரில் சாவி படம் போட்ட விளக்கு மினுக்குகிறது. வாங்கியதும் கெட்ட பெட்டிதானா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முதல் வேலையாக, பழைய ஈசிஎம் பெட்டியையே, அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரையே, திரும்ப மாட்டுங்கள். தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வாங்கிவந்த பெட்டி கெட்டது என்று சொல்ல முடியாது. ஒரு நொடியாவது இன்ஜின் ஓடுகிறதென்றால் ஸ்பார்க்கும் பெட்ரோலும் வருகின்றன. அதுவே அதற்குப் பாதி நற்சான்று. உங்கள் சாவியை அதற்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரி இல்லாத சின்ன சிப் ஒன்று இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள காயில் அதை எழுப்பி, அதன் எண்ணை வாங்கிக்கொள்கிறது. எண் ஒத்துவந்தால்தான் இன்ஜின் தொடர்ந்து ஓடும். இந்தத் திருட்டுத் தடுப்புக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். வேறொருவர் காரின் ஈசிஎம் அவருடைய சாவிக்காகக் காத்திருக்கிறது. ஆகவே இந்தச் சோதனையை வைத்து, உங்கள் பழைய பெட்டி கெட்டதென்றும் முடிவு கட்ட முடியாது.

இனி அசல் கோளாறுக்கு வருவோம். சூட்டில் நின்று ஆறியதும் கிளம்பும் வண்டியில் என் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார்மீது. பல கார்களில் அதற்குள் தலைமுடி போன்ற கம்பிச் சுருள் இருக்கும். வயதான சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறியதும் சேரும். அந்த சென்சார் பேசாவிட்டால் இன்ஜின் சுற்றுவதே ஈசிஎம்முக்குத் தெரியாது. ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் விடாது. அடுத்த சந்தேகம் மெயின் ரிலே. உள்ளே ஈயப் பற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருந்தால் வெயிலில் காய்ந்த காரில் இதே நாடகம் நடக்கும். ஈசிஎம் பலகையிலும் இப்படி விரிசல் வருவதுண்டு என்பதால் உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையில் அது கடைசி ஆள்.

அடுத்த முறை நிற்கும்போது உடனே பானெட்டைத் திறக்காதீர்கள். ஓரமாகத் தள்ளி நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, சாவியை ஆன் செய்யுங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? பின்சீட்டுக்கு அடியிலிருந்து பம்ப் இரண்டு நொடி முனகுகிறதா? செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா? விளக்கே எரியவில்லையென்றால் பெரும்பாலும் ஈசிஎம்முக்குக் கரண்ட்டோ எர்த்தோ போகவில்லை. ரிலே, பியூஸ், எர்த் பக்கம் போங்கள். விளக்கும் பம்பும் சரி, முள் மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் கிராங்க் சென்சார்மீது ஈரத்துணி போட்டு ஆறவிட்டுப் பாருங்கள். உடனே கிளம்பினால் திருடன் கிடைத்துவிட்டான். (விசிறி, பெல்ட் பக்கத்தில் கை ஜாக்கிரதை.)

ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாட்டி, “பேசவே மாட்டேங்குது, ஈசிஎம் டெட்” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். காரே தன் கோளாறைக் கண்டு சொல்லும் ஓபிடி ஏற்பாடு நம் நாட்டில் கட்டாயமானது 2010-இல்தான். அதற்கு முந்தைய கார்கள் பலவும் தங்கள் கம்பெனி ஸ்கேனரோடு மட்டும்தான் பேசும்.

இன்னொரு பொய்ச் சாவும் உண்டு. ஈசிஎம் பல சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட்டைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஒரே ஒரு சென்சார் உள்ளே எர்த் ஆகிவிட்டால் அந்த 5 வோல்ட் மொத்தமும் படுத்துவிடும். பெட்டியே செத்ததுபோலத் தெரியும். சென்சார் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றும்போது வோல்ட் எழுந்து உட்காருகிறதோ அதுதான் குற்றவாளி. மீட்டர் என்றால் டிஜிட்டல் மல்டிமீட்டர். ஹோல்டர் பல்பை வைத்து ஈசிஎம் வயரைக் குத்திப் பார்க்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. அந்த பல்பு இழுக்கும் கரண்ட் போதும், நல்ல பெட்டியைச் சாகடிக்க.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஈசிஎம்தான் என்று ஆனால், மாற்றுவதற்கு முன் அதைக் கொன்றது யார் என்று கேளுங்கள். ஐடில் வால்வின் காயில், இன்ஜெக்டர், இக்னிஷன் காயில் இவற்றில் ஒன்று ஷார்ட் ஆகி, ஈசிஎம்முக்குள் அதை இயக்கும் டிரான்சிஸ்டரை எரித்திருக்கலாம். சாதாரண இன்ஜெக்டர் 12 முதல் 16 ஓம் வரை காட்ட வேண்டும். இரண்டு, மூன்று என்று காட்டினால், நீங்கள் மாட்டும் அடுத்த பெட்டியும் அதே வழியில் போகும். முன்கண்ணாடிக்குக் கீழே இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே வடிகிறதா என்றும் பாருங்கள். பெட்டி கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில் ஏசித் தண்ணீர் சொட்டினாலும் போதும், பின்கள் பச்சை பூத்துவிடும். சமீபத்தில் டிங்கர் வேலை நடந்ததா? பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்திருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், நான் முதலில் சொல்வது பழைய பெட்டியை எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரிடம் கொடுத்து ரிப்பேர் பார்ப்பதை. ஈயப் பற்று, கெப்பாசிட்டர், டிரைவர் டிரான்சிஸ்டர்: பெரும்பாலும் இவை சரிசெய்யக்கூடியவை. சாவிப் பிரச்சினையே எழாது. அது முடியாதபோது, வாங்கிவந்த பெட்டி பயன்படும். லேபிளில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒன்றா என்று முதலில் பாருங்கள். ஒரே மாடலில் கியர், ஏசி, புகை விதி மாறினால் பெட்டியும் மாறும். ஒன்றாக இருந்தால், பழைய பலகையில் உள்ள எட்டுக்கால் மெமரி சிப்பின் தகவலைப் படித்து வாங்கிவந்ததில் எழுதித் தரச் சொல்லுங்கள். பல கார்களில் சாவியின் ரகசியம் அதற்குள்தான். பிறகு உங்கள் சாவியே போதும். இன்னொரு வழி, அந்தக் காரின் ஈசிஎம், இம்மொபிலைசர் பெட்டி, சாவி மூன்றையும் செட்டாக வாங்குவது. பிரித்து விற்ற பிறகு மற்ற இரண்டையும் தேடுவது லேசான காரியமில்லை. அந்தக் கடையிலேயே இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

மாட்டும்போது பேட்டரி நெகடிவைக் கழற்றி, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பின்களை விரலால் தொட வேண்டாம். மாட்டியபின் முதல் நாள் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கும். பெட்டி உங்கள் இன்ஜினைக் கற்றுக்கொள்கிறது என்று விட்டுவிடலாம். ஒரு வாரம் ஆகியும் அந்த ஏற்ற இறக்கம் நிற்கவில்லையென்றால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதில் ஆர்பிஎம் முள் அசைந்ததா இல்லையா என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.