கேட்டுவிட்டுக் கும்பிடுங்கள்

குருவை விட்டு விலகி வந்தவர்கள் என்னிடம் பேச வரும்போது நான் முதலில் கேட்பது, "வியாழக்கிழமை சாயங்காலம் இப்ப என்ன செய்றீங்க?" என்றுதான். பாதிப் பேர் அந்தக் கேள்விக்கே கண்கலங்கிவிடுகிறார்கள். சாமி இப்படிப்பட்டவர் என்று தெரிந்ததைக்கூடத் தாங்கிக்கொள்கிறார்கள். வியாழக்கிழமைப் பஜனையும், பௌர்ணமி அன்னதானத்துக்குக் கூடியிருந்து காய் நறுக்கிய கூட்டமும், வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் சொல்லாமலே வந்து நின்ற மனிதர்களும் ஒரே வாரத்தில் இல்லாமல் போவதைத்தான் தாங்க முடிவதில்லை. ஆகவே வெளியே வர நினைப்பவர்களுக்கு இதை முதலில் சொல்கிறேன். வருவதற்கு முன்பே ஆசிரமத்துக்கு வெளியே இரண்டு மூன்று பேரோடு உறவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். சேவை சேவை என்று ஓடிய காலத்தில் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் போகாமல் விட்ட சொந்தங்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.

நான் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாமிரபரணிக் கரையில் ஒரு ஆசிரமத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல் போய்வந்தேன். பேர் வேண்டாம், நான் சொல்ல வருவது அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டும் அல்ல. அங்கே எனக்கு நிறைய கிடைத்தது. அப்பா இறந்த வருஷம் என்னை நிலைப்படுத்தியது அந்த இடம்தான். தேவாரத்தைப் பண்ணோடு பாடக் கற்றதும் அங்கேதான். இதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் சொல்லும் மற்ற எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மை. கணவர் இல்லை, மகன் வெளியூரில். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அரைக் கோட்டை விதைப்பாடு வயல், காரும் பிசானமும் விளைகிற நிலம், அவளுக்கு இருந்தது. அதை ஆசிரமத்துக்கு எழுதிவைத்துவிட்டதாக ஊரே பெருமையாகப் பேசியது. ஒருநாள் வேறு வேலையாக வில்லங்கச் சான்று எடுக்க வேண்டியிருந்தபோது அந்தச் சர்வே எண்ணையும் பார்த்தேன். டிரஸ்ட் பேரில் பத்திரம் இல்லை. சாமியின் அக்காள் மகன் பேரில் தான செட்டில்மெண்ட் ஆகியிருந்தது.

பெரியம்மையிடம் கேட்டேன். "சாமிக்குத்தான் எழுதுறோம்னு சொன்னாவ தம்பி, நான் எங்க படிச்சுப் பாத்தேன்? கடைசி வரைக்கும் ஆசிரமம் பாத்துக்கிடும்னு சொன்னாவல்லா?" என்றாள்.

சாமியிடம் தனியாகப் போய்க் கேட்டேன். கோபமாகக்கூடப் பேசவில்லை. "வாத்தியாருக்குச் சந்தேகம் வந்திருக்கு. சந்தேகம் வந்தா சாதனை போச்சு" என்று சிரித்தார். அடுத்த வாரம் பஜனையில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பத்திரத்தைவிட அந்தச் சிரிப்புதான் என்னை வெளியே அனுப்பியது.

ஏனென்றால் குருபக்தி என்பதை இந்த ஆற்றங்கரைக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. இதே தாமிரபரணி கீழே போய்ச் சேரும் ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார், பக்கத்துத் திருக்கோளூரில் பிறந்த மதுரகவி. பெருமாளைக்கூடப் பாடாமல் தன் குரு நம்மாழ்வாரை மட்டுமே பதினொரு பாசுரத்தில் பாடியவர் அவர். அப்படிப்பட்ட மதுரகவி எப்படி ஆரம்பித்தார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. புளியமரத்தடியில் அசையாமல் இருந்த நம்மாழ்வாருக்குக் காது கேட்கிறதா என்று கல்லைப் போட்டுப் பார்த்தார். பிறகு சுலபத்தில் விடை சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்டார். பதில் வந்த பிறகே கும்பிட்டார். வயதிலும் படிப்பிலும் மூத்தவர் இளையவரைச் சோதித்ததை அபசாரம் என்று எந்த வைணவரும் சொன்னதில்லை. அந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் இன்றுவரை கதையைச் சொல்கிறார்கள்.

பெரிய மனிதரிடம் கேள்வி கேட்டால் அவரைச் சிறுமைப்படுத்துகிறோமோ என்று தயங்குகிறவர்கள் சேரன்மகாதேவியை நினைத்துக்கொள்ளலாம். வ.வே.சு. ஐயர் மோசடிக்காரர் அல்ல. குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், நாட்டுக்காக வாழ்க்கையையே பணயம் வைத்தவர். அவர் அங்கே நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் ஐயாயிரம் ரூபாய் கொடுத்திருந்தது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு போடுகிறார்கள் என்று தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் பகிரங்கமாகக் கேட்டார்கள். கேட்டவர்கள் எதிரிகள் இல்லை, ஒரே கட்சியில் கூட இருந்தவர்கள். 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் மாதம் பாபநாசத்தில் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார். அவர்மேல் எனக்குள்ள மதிப்பு இன்றும் குறையவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்பட்டது சரி என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள முடியும். அதற்குப் பழகிவிட்டால் பாதி வேதனை குறைந்துவிடும்.

பணத்துக்கும் சொத்துக்கும் வருகிறேன். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய இடம் இது.

காணிக்கை கொடுத்தால் டிரஸ்ட் பேரில் ரசீது வாங்குங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச்சலுகை கிடையாது. அதனால் காசோலையிலோ வங்கி வழியாகவோ கொடுப்பதுதான் வழக்கமாக இருக்க வேண்டும். "ரொக்கமா குடுங்க, ரசீது எதுக்கு" என்கிற இடத்தில் பையை மூடிவிடலாம். நிலம் எழுதிக்கொடுப்பதாக இருந்தால் பத்திரத்தை நமக்கு நம்பிக்கையான ஒருவர் வரிவரியாக வாசித்துக் காட்ட வேண்டும். அவர் பக்தராக இருக்கக் கூடாது. கொடுத்த பிறகு வில்லங்கச் சான்று எடுத்து யார் பேரில் போயிருக்கிறது என்று பாருங்கள்.

ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதா? "தானம் குடுத்தது குடுத்ததுதான்" என்று சொல்லி அனுப்புவார்கள். அது முழு உண்மை இல்லை. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஒருவர் மனதை ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர் அந்த நிலையைப் பயன்படுத்தி ஆதாயம் பெறுவதைப் பற்றிப் பேசுகிறது. பரிவர்த்தனை அநியாயமாகத் தோன்றினால், அந்த நிலையைப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வாங்கியவர் தலையில் விழுகிறது. ஆன்மா கடைத்தேறும் என்று நம்பி ஒரு முதியவர் தன் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிவைத்ததை அலகாபாத் உயர் நீதிமன்றம் 1890இலேயே செல்லாது என்றது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிற வழக்கு அது. ஆனால் காலம் முக்கியம். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, விஷயம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு. மனசு ஆறட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தாண்டிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கடைசி வரை பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையில் எழுதிக்கொடுத்து, பிறகு பார்த்துக்கொள்ளவில்லை என்றால் 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருந்தால் வழக்குக்கு வலு. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் பொறுமை, காலம், மரியாதை எதுவும் கிடையாது. ஆசிரமத்தில் தங்கியிருக்கும் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஏதாவது சொன்னால் அந்த நிமிஷமே 1098க்குக் கூப்பிடுங்கள். சாமியிடம் போய் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். திருச்சிப் பக்கம் பிரேமானந்தா நடத்திய ஆசிரமத்தை மறந்துவிடக் கூடாது. 1994இல் அவர் கைதானார். அங்கே வளர்ந்த சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கும் ஆசிரமவாசி ஒருவரின் கொலைக்கும் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி ஆர். பானுமதி 1997 ஆகஸ்டில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மரபணுச் சோதனை வரைக்கும் சாட்சியாக நின்றது. அதற்குப் பிறகும் அவர் 2011இல் இறக்கும்வரை, இறந்த பின்னும், வணங்குகிறவர்கள் இருந்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சிறுமிகளை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது, ஒரு பிள்ளை வாய் திறந்தால் பெரியவர்களில் ஒருவராவது நம்ப வேண்டும்.

உள்ளேயே இருப்பவர்களோடு எப்படிப் பழகுவது என்று பலர் கேட்கிறார்கள். வாதாடாதீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததை ஒரே ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள், கேள்விப்பட்டதைச் சேர்க்காதீர்கள். நீங்கள் அழைத்துப்போய்ச் சேர்த்தவர்கள் இருந்தால் அவர்களிடம் முதலில் சொல்லுங்கள். நான் அப்படி ஒவ்வொரு வீடாகப் போனேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். என் சொந்த மைனி நாலு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவளாகவே, "அந்தச் சர்வே நம்பர் என்ன சொன்னீய?" என்று போன் செய்தாள். கதவு திறந்தே இருக்கட்டும், அவர்கள் வருகிற நேரத்தை நாம் தீர்மானிக்க முடியாது.

பூஜை அறையில் இருக்கும் படத்தையும் கழுத்தில் இருக்கும் மாலையையும் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். ஆற்றில் மட்டும் விடாதீர்கள். பாபநாசத்தில் விட்டுப்போகும் துணிகளை அள்ளியே மாளவில்லை. படத்தைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு ஒரு வருஷம் கழித்து யோசியுங்கள். ஜபமும் பாட்டும் விரதமும் உங்களுக்கு ஒட்டிப்போயிருந்தால் விடாதீர்கள், அவை அந்த மனிதருக்கு முன்பே இருந்தவை. காலியான இடத்தில் உடனே இன்னொரு குருவைக் கொண்டுவந்து உட்கார வைக்கவும் வேண்டாம். விலகி வந்தவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே ஆட்கள் சுற்றுகிறார்கள்.

பெரியம்மையின் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வழக்கைச் சாமியின் அக்காள் மகன்மேல்தான் போட்டிருப்பதாக அவள் நினைப்பு, சாமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டாள். பௌர்ணமிக்கு இன்னமும் காய் நறுக்கப் போகிறாள். "நீங்களாவது தடுத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று மகன் என்னிடம் வந்து நின்றான். போகிறவளைத் தடுக்க வேண்டாம், அடுத்த வாய்தாவுக்கு நீயே லீவு போட்டு வந்து அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போ என்றேன்.