உப்பு வாருகிற மாசமும் பரீட்சை மாசமும்

தங்கச்சி, ஆலோசகரைப் போய்ப் பார் என்று வகுப்பு மிஸ் சொன்னதும் "நான் என்ன பைத்தியமா?" என்று கேட்டாயாம். அம்மா போனில் சொன்னார்கள். பதினொன்றாம் வகுப்பில் நானும் அதையேதான் கேட்டேன். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 21 மார்க் வாங்கிய பிறகுதான் வாயைத் திறந்தேன். நீ அவ்வளவு நாள் காத்திருக்காதே.

முதலில் காலண்டரைப் பார். மரக்காணத்தில் உப்பு எடுப்பது ஜனவரி வாக்கில் தொடங்கி, மழை வரும்வரை நடக்கிறது. வெயில் ஏற ஏறப் பாத்தியில் உப்பு கூடும். அதே மார்ச், ஏப்ரலில்தான் பொதுத்தேர்வும் வருகிறது. அப்பா அம்மா விடியுமுன்னே அளத்துக்குப் போய்விட, தம்பியை எழுப்பி, சோறு கட்டி, தண்ணீர் பிடித்துவிட்டு நீ புத்தகத்தைத் தொடும்போது பள்ளிக்கே நேரமாகிவிடும். மழை பிடித்துவிட்டால் வேறு பாடு. அளம் மூழ்கிக் கிடக்கும், கூலி இருக்காது, கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பார். அரையாண்டுத் தேர்வு சரியாக அப்போதுதான் வரும். டிசம்பரில் உன் மார்க் ஏன் இறங்குகிறது என்பது ரேங்க் கார்டில் எழுதியிருக்காது, நீ சொன்னால்தான் தெரியும். அதனால் மழைக்கு முன்னாலேயே, செப்டம்பரிலேயே போய்ப் பேசிவிடு.

"மனசு சரியில்ல மேடம்" என்று மட்டும் சொன்னால் ஆலோசகருக்கு எங்கே பிடிப்பது என்று தெரியாது. நடப்பதைச் சொல். எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எப்போது எழுந்திருக்கிறாய், எந்த வகுப்பில் நெஞ்சு படபடக்கிறது, வீட்டில் யார் குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிறார்கள், எல்லாம் சொல்லலாம். வாய் வரவில்லையா, நாலு வரி எழுதிக் கையில் கொடு. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். அவர் மாத்திரை எழுதுகிற டாக்டர் இல்லை. காது கொடுத்துக் கேட்பார். எதை நீயே சமாளிக்கலாம், எதற்குப் பெரியவர்கள் வேண்டும் என்று உன்னோடு உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிற அளவுக்கு மனசு போனால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். எனக்கு அவர் செய்தது சின்ன காரியம்தான். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்கச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் கணக்கைப் பிடித்தேன்.

ஊர் முழுக்கச் சொந்தக்காரர்கள், விஷயம் வெளியே போய்விடுமோ என்று பயப்படுவாய். "இதை யார்கிட்ட சொல்வீங்க?" என்று முதலிலேயே கேள், தப்பில்லை. நல்ல ஆலோசகர் ரகசியம் காப்பார். உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது உன்னிடம் பாலியல் ரீதியாகத் தப்பாக நடந்துகொண்டாலோ மட்டும் அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படிப் பாலியல் தவறு நடந்ததைத் தெரிவிக்காமல் விடுவதே 2012 போக்சோ சட்டப்படி குற்றம்.

அப்பாவைக் கூட்டி வரச் சொன்னால், பிற்பகலில் நேரம் கேள். காலையில் வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போய்விடும், அந்தக் கோபம் உன் மேல்தான் திரும்பும். மழைக்கால மூன்று மாதத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு தருகிற 5,000 ரூபாய் நம் வீட்டுக்கு வரவில்லை என்றால் அதையும் சொல். பிளஸ் டூவுக்குப் பிறகு கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அப்பா இருக்கும்போதே அந்தப் பேச்சை எடுக்கச் சொல்.

ஆலோசகரே இல்லாத பள்ளியில் படிக்கும் உன் சிநேகிதிகளுக்கும் இதைச் சொல். 2013-ல் தமிழக அரசு பள்ளிகளுக்கு ஆலோசகர்களை வேனில் அனுப்பியது. 32 மாவட்டத்துக்கு 10 வேன், எத்தனை பிள்ளைகளைத்தான் பார்க்க முடியும்? 100 மாணவரோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் ஒரு ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது நடக்கும்வரை 14417 இருக்கிறது, பள்ளிக்கல்வித் துறையின் எண். மனநலத்துக்கு 14416, வீட்டிலோ வெளியிலோ ஆபத்தென்றால் 1098. போன் அப்பாவிடம்தான் இருக்கிறது என்றால் மிஸ்ஸிடம் கேட்டுப் பேசு. இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் நம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது, ஞாபகமிருக்கிறதா? அதில் பாடம் சொல்லித்தந்த தன்னார்வல அக்காக்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களில் உனக்குப் பிடித்த ஒருவரிடம் முதலில் பேசினாலும் போதும்.

அந்த நாலு வரியை இன்றைக்கு ராத்திரியே எழுதிப் பையில் வை. மேடத்தைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்குப் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.