தேனீக்களை அழைக்கும் துளசிப் பாத்தி

வீட்டுத் தோட்டத்தில் பூசணியும் பாகலும் நிறையப் பூத்தும், பிஞ்சு மஞ்சளாகி உதிர்வதாகப் பலர் குறை கூறுவதுண்டு. இக்கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியானவை. மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கத் தேனீ வராவிடில் காய் பிடிக்காது. காலி மனைகள் குறைந்துவிட்ட குரோம்பேட்டை போன்ற புறநகர்களில், தேனீக்களுக்குத் தொடர்ந்து பூ கிடைக்கச் செய்வது நம் பொறுப்பாகும்.

மேலைநாட்டுத் தோட்டங்களில் தேனீக்களுக்காக மொனார்டா என்னும் பல்லாண்டுச் செடியை வளர்க்கின்றனர். வட அமெரிக்காவுக்கு உரிய அச்செடி நம் கடலோர வெப்பத்திற்கு ஏற்றதன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் நமக்குப் போதும்.

பருவமழை ஓய்ந்தபின் தை, மாசி மாதங்களில் விதைக்கலாம். விதை மிகச் சிறியது. மணலுடன் கலந்து தூவி, மெல்லிய மண்ணால் மூடிப் பூவாளியால் நீர் தெளிக்கவும். 8 முதல் 12 நாட்களில் முளைக்கும். 6 வார நாற்றை ஒன்றரை அடி இடைவெளியில் நடவும். ஐப்பசி மழையில் நீர் தேங்காதபடி பாத்தியை உயர்த்தி அமைத்து, நன்கு மக்கிய தொழு உரம் இடவேண்டும். மாடியில் 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி வைக்கலாம்.

கதிர்களை முற்றவிட்டால் தண்டு கட்டையாகிச் செடி விரைவில் மூப்படையும். எல்லாவற்றையும் கிள்ளிவிட்டாலோ தேனீக்கு உணவில்லை. ஆகவே செடிகளை இரு பகுதிகளாகப் பிரித்துக்கொள்க. ஒரு பகுதி பூத்திருக்கையில், பூத்து முடிந்த மறு பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்யவும். அடியில் பச்சை இலைகளை விட்டே வெட்டவேண்டும். துளிர்த்து அது பூக்கும்போது முதற்பகுதியை வெட்டலாம். இவ்வாறு மாற்றி மாற்றிச் செய்தால் பூ அறுபடாது, செடியும் நீடிக்கும்.

பூசணிப் பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் மூடிவிடும். எனவே காலையில் எம்மருந்தும் தெளிக்கக்கூடாது. பூச்சி தென்பட்டால், லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் இடித்து ஊறவைத்து வடிகட்டிய வேப்பங்கொட்டைச் சாற்றை மாலையில் தெளிக்கவும். பூத்த துளசியின் மேல் அதுவும் படவேண்டாம்.

துளசி பூக்கும்வரை காத்திராமல், அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் சூல்முடியில் காலையிலேயே தடவிவிடுங்கள், காய் பிடிக்கும். பின்னர் இவ்வேலையைத் தேனீக்களே ஏற்றுக்கொள்ளும்.