பள்ளிகளில் அறிவுரைப் பணியும் குழந்தைகளின் பாதுகாப்பும்

முன்னுரை

வேலியே பயிரை மேய்ந்தால் அப்பயிரை யார் காப்பது? குழந்தைகள் மீது இழைக்கப்படும் பாலியல் கொடுமைகளைப் பற்றி எண்ணும்போது இப்பழமொழியே நம் நினைவுக்கு வருகிறது. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டறிந்ததில், 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். பெண் குழந்தைகள் மட்டுமன்றி ஆண் குழந்தைகளும் ஏறத்தாழச் சம அளவில் பாதிக்கப்பட்டிருந்தனர். கொடுமை இழைத்தவருள் பாதிப்பேர் குழந்தைக்கு நன்கு அறிமுகமானவர்கள். இவற்றினும் வருந்தத்தக்கது, பெரும்பாலான குழந்தைகள் இதனை எவரிடமும் சொல்லவில்லை என்பதாகும்.

மௌனத்தின் காரணங்கள்

குழந்தை ஏன் வாய் திறப்பதில்லை? நடந்ததைச் சொல்ல அதற்குச் சொற்கள் தெரியவில்லை. தவறு தன்னுடையதே என்று எண்ணி அஞ்சுகிறது. கொடியவன் மிட்டாய் கொடுத்தோ மிரட்டியோ வாயை அடைத்து விடுகிறான். துணிந்து சொன்னாலும், “மாமாவைப் பற்றி அப்படியெல்லாம் பேசாதே” என்று வீட்டார் அதட்டுவதுண்டு. இந்த மௌனமே குற்றவாளிக்குக் கவசமாகிறது. ஆகவே மௌனத்தைக் கலைப்பதே தடுப்புப் பணியின் முதற்படி எனலாம்.

அறிவுரைஞரின் பணி

நம் கல்வியியல் நூல்கள் இப்பணியை ‘அறிவுரை பகர்தல்’ என்று குறிக்கின்றன. ஆனால் இங்கு முதன்மையானது பகர்தலன்று, கேட்டலே ஆகும். பரீட்சைக்கு அஞ்சும் மாணவனும், நண்பனோடு சண்டையிட்ட மாணவியும் அறிவுரைஞரிடம் தயக்கமின்றிச் சென்று பேசும் வழக்கம் பள்ளியில் இருத்தல் வேண்டும். சிறிய துன்பத்தைக் காது கொடுத்துக் கேட்டவரிடமே குழந்தை பெரிய துன்பத்தையும் சொல்லும்.

உடல் உறுப்புகளின் பெயர்களைக் கூச்சமின்றிக் கற்பித்தல், முறையான தொடுதலையும் முறையற்ற தொடுதலையும் வேறுபடுத்திக் காட்டுதல், “வேண்டாம் என்று சொல், விலகி ஓடு, நம்பிக்கையான பெரியவரிடம் கூறு” என்று பழக்குதல் ஆகியவை வகுப்பறையில் செய்யத்தக்கவை. எனினும் தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதையும் குழந்தையின் தலையில் சுமத்தலாகாது. காக்க வேண்டியவர்கள் பெரியவர்களே.

நன்றாகப் படித்த மாணவி திடீரெனப் பின்தங்கலாம். ஒரு குறிப்பிட்ட மனிதரைக் கண்டு நடுங்கலாம். வீட்டுக்குப் போகவோ பள்ளிக்கு வரவோ தயங்கலாம். இவை மட்டுமே சான்றுகள் ஆகிவிடா. ஆனால் பரிவோடு விசாரிக்க இவை போதுமானவை.

குழந்தை சொல்லும்போது

அப்போது பதற்றமோ அருவருப்போ முகத்தில் தோன்றலாகாது. “நீ சொன்னது நல்லது; இதில் உன் தவறு எதுவும் இல்லை” என்ற இரண்டு வாக்கியங்கள் மருந்தினும் மேலானவை. துருவித் துருவிக் கேட்டல் கூடாது. பதிலை நாமே எடுத்துக் கொடுத்தலும் கூடாது. குழந்தையின் சொற்களை அப்படியே எழுதி வைத்தல் நலம்.

“யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்களிப்பது பெருந்தவறு. அவ்வாக்கைக் காப்பாற்றினால் குழந்தை மீண்டும் அதே கொடுமைக்குத் திரும்பும். மீறினால் அதன் நம்பிக்கை முறியும். “உன்னைக் காக்க யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் மட்டும் சொல்வேன்” என்று உண்மையைக் கூறுவதே முறை.

சட்டத்தின் துணை

2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ சட்டம், 18 வயதிற்குட்பட்ட அனைவரையும் காக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. தமக்குக் கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கப்படலாம். “பள்ளியின் பெயர் கெட்டுவிடுமே” என்ற வாதத்திற்குச் சட்டத்தில் இடமில்லை. வாக்குமூலம் பெறும் காவல் அலுவலர் சீருடையில் இருத்தல் கூடாது என்றும், குழந்தையின் பெயரை வெளியிடலாகாது என்றும் அச்சட்டம் பணிக்கிறது. குழந்தைகள் 1098 என்ற எண்ணிலும், தமிழகப் பள்ளி மாணவர்கள் 14417 என்ற எண்ணிலும் உதவி பெறலாம்.

முடிவுரை

எல்லாப் பள்ளிகளிலும் முழுநேர அறிவுரைஞர் இல்லை என்பது கண்கூடு. அவர் இல்லாத இடத்தில் வகுப்பாசிரியரே அப்பணியை ஏற்க நேரும். இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். என்றேனும் ஒரு நாள், வகுப்பு முடிந்த பின்னும் போகாமல் ஒரு குழந்தை நம் மேசையருகே தயங்கி நிற்கக்கூடும். “நேரமாகிவிட்டது, நாளை வா” என்று அதனை அனுப்பிவிடாமல் அருகில் அமர்த்திக் கேட்போமாயின், நாம் பெற்ற கல்வி பயனுடையதாகும்.