கையெழுத்து இருக்கிறது, பவர் இல்லை

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 78. அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. அப்பா என்னோடுதான் இருக்கிறார். 2019ல் என் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். மூன்று வருடமாக அவருக்கு மறதி நோய். நடுத்தர நிலையைத் தாண்டிவிட்டது என்று நரம்பியல் மருத்துவர் எழுதியிருக்கிறார். பகலில் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மாதம் 18,000 ரூபாய், மருந்து தனி. ஓய்வூதியம் போதவில்லை. அப்பா பெயரில் 12 சென்ட் மனை இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, “உன் பேர்லதான் பவர் இருக்கே அக்கா, வித்து அப்பாவைப் பாரு, எனக்குப் பங்கு வேண்டாம்” என்கிறான். புரோக்கர் ஆள் பிடித்து இரண்டு லட்சம் அட்வான்ஸும் வாங்கிக் கொடுத்துவிட்டார். டாக்டரிடம் உயிர்வாழ் சான்று வாங்கினால் போதும் என்கிறார். அது சிக்கல் என்றால் அப்பாவையே அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்கிவிடலாமாம். கையெழுத்து இன்னும் மணி மணியாகப் போடுகிறார். செய்யலாமா? இன்னொன்று: “ஸ்கூலுக்கு நேரமாச்சு” என்று அப்பா வெளியே கிளம்பிவிடுகிறார். கதவைப் பூட்டி வைத்தால் குற்றமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராஜபாளையம்

பதில்: செய்யாதீர்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

பவர் பத்திரம் என்பது, எழுதிக் கொடுத்தவர் தன் கைக்குப் பதிலாக உங்கள் கையைப் பயன்படுத்திக்கொள்வது. அவரே செய்ய முடியாத ஒன்றை அவருக்காக நீங்கள் செய்ய முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் அந்த அதிகாரம் முடிந்துவிடும், சித்த சுவாதீனம் இழந்தாலும் முடிந்துவிடும். ரத்துப் பத்திரம் எதுவும் பதிய வேண்டியதில்லை. வில்லங்கச் சான்றில் ஒரு வரிகூட ஏறாது. பீரோவில் பத்திரம் அப்படியே இருக்கும், உயிர் மட்டும் இருக்காது.

இது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். “அப்பாவுக்கு முடியாமல் போனால் உதவும் என்றுதானே எழுதினோம்?” என்று என் அலுவலகத்தில் கேட்காதவர்கள் குறைவு. உங்கள் தம்பி சிங்கப்பூரில் இருப்பதால் அவருக்குக் கூடுதல் குழப்பம் இருக்கலாம். அங்கே 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்.பி.ஏ. என்று ஒரு பத்திரம் எழுதி வைக்கிறார்கள். எழுதியவர் மனத்திறன் இழந்த பிறகுதான் அது நடைமுறைக்கே வரும். நம் பவர் நேர் எதிர்: எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் செத்துப்போகிறது. முதியவர்கள் பெருகிவரும் நாட்டில் இப்படி ஒரு ஏற்பாடு இன்னும் இல்லாதது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. ஆனால் இன்றைக்கு உள்ள சட்டம் இதுதான்.

உயிர்வாழ் சான்று விஷயத்துக்கு வருவோம். பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்த பிறகும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் அந்தச் சான்றைக் கேட்கிறார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டுமே அது சொல்லும். மனம் தெளிவாக இருக்கிறதா என்பது அந்தத் தாளில் வராது. ஆகவே பதிவு நடந்துவிடலாம், புரோக்கர் சொல்வதில் அவ்வளவு உண்மை உண்டு. கமிஷன் வாங்கியதும் அவர் வேலை முடிந்தது. விற்பனைப் பத்திரத்தில், பவர் இன்று வரை அமலில் உள்ளது என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடப்போவது நீங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த ஃபைல் உங்கள் அலமாரியிலேயே இருக்கும்போது, “எனக்குத் தெரியாது” என்று பிறகு சொல்ல முடியாது. பங்கு வேண்டாம் என்று இன்று தம்பி சொல்வது மனதாரவே இருக்கலாம். வாங்கியவர் வங்கியில் கடன் கேட்டுப் போகும்போது ஒரு வழக்கறிஞர் இதைத் தோண்டி எடுத்தால், கிரயத் தொகையோடு வழக்குச் செலவும் உங்கள் தலையில் விழும்.

அப்பாவையே அழைத்துப் போகும் யோசனை அதைவிட மோசம். பெயரைக் கையெழுத்தாகப் போடுவது ஐம்பது வருடக் கைப்பழக்கம். வருகைப் பதிவேட்டிலும் மாற்றுச் சான்றிதழிலும் போட்டுப் போட்டு விரலில் ஊறியது; மறதி நோயில் கடைசியாகப் போகிறவற்றில் அதுவும் ஒன்று. சட்டம் பார்ப்பது கையை அல்ல. என்ன விற்கிறோம், என்ன விலைக்கு, விற்பது நமக்கு நல்லதா என்று புரிந்து முடிவெடுக்கும் திறன் அந்த நேரத்தில் இருந்ததா என்பதைத்தான். ஒருமுறை சார்பதிவாளர் ஒரு பாட்டியிடம் “எவ்வளவுக்கும்மா விக்கிறீங்க?” என்று கேட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாட்டி சிரித்துக்கொண்டே “நீ பாத்துக் குடு சாமி” என்றார். அந்த அலுவலர் பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி.

விட்டு விட்டு வந்து போகும் நோயில், தெளிந்த நேரத்தில் செய்த ஒப்பந்தம் செல்லும் என்று அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் தெளிவாக இருந்தார் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் மீது வரும். நடுத்தர நிலை தாண்டியது என்ற மருத்துவக் குறிப்பை வைத்துக்கொண்டு அந்த வாதத்தில் ஒரு மனையைப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் வழி? நீதிமன்றம் உங்களைப் பாதுகாவலராக நியமிக்க வேண்டும். இங்கே சட்டத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இப்படிப்பட்டவர்களின் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றம் ஆள் நியமிக்கும் ஏற்பாடு இருந்தது. அதை நீக்கி வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது, சொத்தை விட்டுவிட்டது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்கானது; முதுமை மறதி அதில் இல்லை. ஆகவே அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகிறோம். உங்களுக்கு மதுரைக் கிளை.

2024ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கு உங்களுக்குத் துணை. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க மனைவி அனுமதி கேட்டார். சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார் தனி நீதிபதி. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு மனைவியையே பாதுகாவலராக நியமித்து, விற்க அனுமதி கொடுத்தது. வந்த பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டு, வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னது. உங்கள் மனுவிலும் அப்படி ஒரு நிபந்தனை வரும் என்று எதிர்பாருங்கள். நீங்களே முன்வந்து கேட்டால் இன்னும் நல்லது. ஆனால் கோமா வேறு, மறதி நோய் வேறு. மருத்துவக் குழு பரிசோதித்து அறிக்கை தரட்டும் என்பார்கள். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லவும் கூடும். உடனே முடியும் என்று நான் வாக்குக் கொடுக்கத் தயாரில்லை.

தம்பியின் அபிடவிட் மிக முக்கியம். அக்காவைப் பாதுகாவலராக நியமிப்பதில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி, சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸாப் வாய்ஸ் மெசேஜ் உதவாது. வழக்கறிஞர் கட்டணம் கவலையாக இருந்தால், பெண் என்ற தகுதியே போதும், வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். மதுரைக் கிளையிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

அதுவரை ஓய்வூதியம். அப்பாவின் ஏ.டி.எம். கார்டில்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள், எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கிறது. வங்கி விதிப்படி ரகசிய எண்ணைப் பிறர் பயன்படுத்தக் கூடாது. அப்பா தெளிவாக இருக்கும் காலை நேரமாகப் பார்த்து வங்கி அலுவலரை வீட்டுக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரும்படி ரிசர்வ் வங்கி 2017லேயே சொல்லியிருக்கிறது. வருடாந்திர நேர்காணலுக்கும் அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம். தபால்காரரே 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டுக்கு வந்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுத்துக் கொடுக்கிறார். எடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதி, மருந்துக் கடை ரசீதையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கொடுத்த சம்பளக் கையெழுத்தையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். நாளை நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த நோட்டுதான்.

தம்பி பங்கு வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே கடமைதான். கோட்டாட்சியர் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டிய அளவு உங்கள் வீட்டில் சண்டை இல்லை. மாதம் இவ்வளவு அனுப்பு என்று நேராகக் கேளுங்கள். வழக்கு முடிவதற்குள் மனை விற்றுத்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி அதிலேயே பாதி குறையும்.

கதவு. நல்லெண்ணத்தோடு, அவர் பாதுகாப்புக்காக, வீட்டில் ஆள் இருக்கும்போது வாசலைத் தாழிட்டு வைப்பது குற்றமாகாது. வெளியே பூட்டிவிட்டு எல்லோரும் கிளம்பிப் போவது வேறு. தீப்பிடித்தால் யார் திறப்பது? அதை ஒருநாளும் செய்யாதீர்கள். கதவைத் திறந்தால் சத்தம் வருகிற மாதிரி ஒரு மணி மாட்டுங்கள். அவர் சட்டைப் பையில் பெயரும் உங்கள் போன் எண்ணும் எழுதிய சீட்டு எப்போதும் இருக்கட்டும். கடைசியாக ஒன்று: அட்வான்ஸைத் திருப்பும்போது வங்கி வழியாகவே அனுப்பி, முழுத் தொகையும் வந்து சேர்ந்தது, அக்ரிமென்ட் ரத்து என்று வாங்கியவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புரோக்கரிடம் அல்ல.