துத்தநாகத் தகட்டின் கழிவை நீக்கிப் புதுப்பித்தல்

சூலக்கரை முதலிய கரிசல் கிராமங்களில் இராக்காவலுக்குச் செல்வோர், டார்ச் விளக்கின் பாட்டரிக் கட்டைகள் ஓய்ந்தபின் அவற்றின் உறை அரித்துப்போயிருப்பதைக் கண்டிருப்பார்கள். சாதாரணக் கட்டைகளில் அவ்வுறை துத்தநாகமேயாகும். அது கரைந்து செலவாவதனாலேயே விளக்கு எரிகின்றது. செலவான துத்தநாகம் அழிந்துபோவதில்லை. வேறு உருவில் உள்ளேயே தங்குகின்றது. அதனை மீட்கும் முறையையும், அதில் குடியானவர்கள் கவனிக்கவேண்டிய அபாயங்களையும் இங்கு விளக்குவோம்.

காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு வேலை செய்யும் துத்தநாக பாட்டரி ஒன்று உண்டு. அதில் பொட்டாஷ் காரநீரில் துத்தநாகத் தகடு நிற்கும். 65 பங்கு துத்தநாகம் 16 பங்கு பிராணவாயுவுடன் கூடி 81 பங்கு வெண்பொடியாகின்றது. ஆகவே 100 கிலோ துத்தநாகம் சுமார் 124 கிலோ பொடியாகும். பருமனும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகும். இப்பொடி தகட்டின்மேல் அடைந்து மின்சாரத்தைத் தடுக்கும்.

மின்சாரத்தை எதிர்முகமாகச் செலுத்தினால் பொடி மீண்டும் உலோகமாகும். ஆனால் அது சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்து, இடைத்திரையைத் துளைத்து, பாட்டரியைக் கெடுத்துவிடுவதுண்டு. இக்குறையைத் தவிர்க்கவே தகட்டை வெளியே எடுத்துக் கழிவை அகற்றும் முறை ஏற்பட்டது. 1990-களில் ஜெர்மனியின் பிரெமென் நகரில் தபால் வண்டிகளைக் கொண்டு இது பரீட்சிக்கப்பட்டது. ஓய்ந்த தகடுகளைக் கழற்றிப் புதியவற்றைச் செருகினர். பழையவற்றின் கழிவை இயந்திரத்தால் பிரித்து, காரநீரில் கரைத்து, மின்சாரத்தால் உலோகமாக்கி, மறுபடியும் தகடாக அழுத்தினர். கொழு தேய்ந்தால் கலப்பையை எறியாமல், கொல்லனிடம் கொடுத்துக் கொழுவை மட்டும் புதுப்பிப்பது போன்றதே இது.

எனினும் இது ஆலையில் நடக்கவேண்டிய வேலையேயன்றி, வீட்டு முற்றத்தில் செய்யத்தக்கதன்று. காரநீர் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். பட்டுவிட்டால் புளி, எலுமிச்சை முதலியவற்றை இடாமல், சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. டிராக்டர் பாட்டரியிலுள்ளது ஈயமும் கந்தக அமிலமும் ஆகும். அதனைத் திறத்தலே கூடாது.

"துத்தநாகம் பயிருக்கு உரமாயிற்றே, கழிவை வயலில் கொட்டலாகாதோ?" என்று சிலர் எண்ணலாம். அது தவறு. கழிவிலுள்ள காரம், சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் துத்தநாகம் பயிருக்குக் கிட்டாதபடி மேலும் தடுக்கும். பிற நச்சு உலோகங்களும் கலந்திருக்கலாம். குறையுள்ள நெல் வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுவதே தக்கது.

ஓய்ந்த பாட்டரிகளை உடையாமல், பிற குப்பையுடன் சேர்க்காமல் வைத்துச் சேகரிப்போரிடம் ஒப்புவித்தல் வேண்டும். 2022-ஆம் வருஷத்து பாட்டரிக் கழிவு விதிகள், அவற்றைத் திரும்பப் பெற்றுப் புதுப்பிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மேல் சுமத்தியுள்ளன. கிராம உத்தியோகஸ்தர்கள் ஊர்ப் பொதுவிடத்தில் மூடியுள்ள பெட்டியொன்றை நனையாத இடத்தில் வைத்து, குழந்தைகள் கட்டைகளை உடைத்துக் கரிக்குச்சி எடுக்காதவாறு எச்சரிப்பார்களாயின், நிலமும் கண்ணும் காக்கப்படும்.