மூலிகைப் பொடியில் உடம்பு ஏறுமா? வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்!

மாட்டுத்தாவணி எம்.ஜி.ஆர். பேருந்து நிலையத்தில் ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது இப்படி ஒரு பேச்சு காதில் விழலாம்.

"பொங்கலுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் மாப்ள இருக்கு. அதுக்குள்ள உடம்ப ஏத்தணும்."

"பவுடர் கிவுடர் போட்டா கிட்னி போயிரும்ங்கிறாய்ங்களேடா?"

"அது மத்த பவுடருடா. இது மூலிகை. ஒண்ணும் செய்யாது."

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வாடிவாசல் கனவோடு இருக்கும் தம்பிகள், கபடி ஆடுபவர்கள், போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், சும்மா ஜிம்முக்குப் போகிறவர்கள் என்று எல்லோரிடமும் இந்தக் கடைசி வரி இருக்கிறது. 'மூலிகைதானே, ஒண்ணும் செய்யாது.' இது உண்மையா? மூன்று மூலிகைகளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பிறகு, கையில் இருக்கும் செல்போனை வைத்தே ஒரு டப்பாவை எப்படிச் சோதிப்பது என்று கற்றுக்கொள்வோம்.

அமுக்கரா: பலன் உண்டு, ஆனால்...

வடக்கே 'அஸ்வகந்தா' என்பார்கள். நம் சித்த மருத்துவத்தில் அமுக்கரா கிழங்கு. உடற்பயிற்சிக்கான மூலிகைகளில் ஓரளவு நல்ல ஆய்வுகள் இருப்பது இதற்குத்தான்.

2015-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 57 ஆண்கள் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி. ஒரு பாதிப் பேருக்கு அமுக்கரா வேரின் சாறு, தினம் இரண்டு வேளை, வேளைக்கு 300 மில்லிகிராம். மறு பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே தெரியும் வெறும் மாவுச்சத்து. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. முடிவில், படுத்துக்கொண்டு தூக்கும் பெஞ்ச் பிரஸ் எடையை அமுக்கரா சாப்பிட்டவர்கள் சராசரியாக 46 கிலோ கூட்டியிருந்தார்கள். மாவு சாப்பிட்டவர்கள் 26 கிலோ.

விளம்பரத்தில் 46 மட்டும்தான் வரும். நாம் 26-ஐயும் பார்க்க வேண்டும். எந்த மூலிகையும் இல்லாமல், வெறும் மாவு சாப்பிட்டவர்களுக்கே பலம் கூடியிருக்கிறதே! அதைக் கொடுத்தது பயிற்சி. மேலும், இது சிறிய ஆய்வு, இரண்டே மாதம். வருஷக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதில் பதில் இல்லை.

நெருஞ்சில்: பேர் பெருசு

'ஆண்மை கூடும், தசை முறுக்கேறும்' என்று விற்கப்படும் பல கேப்சூல்களில் இருப்பது நம்ம ஊர் நெருஞ்சில்தான். 2007-இல் ஆஸ்திரேலியாவில் 22 ரக்பி வீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். 5 வாரம், தினம் 450 மில்லிகிராம். இரண்டு குழுவுக்குமே பலம் கூடியது. ஆனால் நெருஞ்சில் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இங்கேயும் வேலை செய்தது பயிற்சிதான்.

பூனைக்காலி: இது மருந்து

பூனைக்காலி விதையில் 'எல்-டோபா' என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. நடுக்குவாத நோய்க்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்தும் இதுதான். செடியில் இருந்து வந்தாலும் மருந்து மருந்துதான். அளவு தெரியாமல் தினமும் ஸ்பூன் கணக்கில் சாப்பிடும் விஷயம் இல்லை.

'ஒண்ணும் செய்யாது' என்பது சரியா?

சரியில்லை. அமுக்கரா சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்ததை இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டென்மார்க் அரசு 2023-இல் இதற்குத் தடையே போட்டது. எல்லோருக்கும் இப்படி ஆகாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். ஆனால் அந்தச் சிலரில் நாம் ஒருவரா என்பது முன்கூட்டியே தெரியாது.

கல்லீரல் கோளாறு, தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் அமுக்கராவைத் தொடவே கூடாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு கணக்கு. அமுக்கரா சூரணத்தின் மரபான செய்முறையில் ஒவ்வொரு பொருளும் முந்தையதைப் போல் இரண்டு மடங்கு: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. கூட்டிப் பாருங்கள். சூரணத்தில் பாதி சர்க்கரை, கால் பங்குதான் அமுக்கரா! அதனால்தான் அளவையும் அனுபானத்தையும் சித்த மருத்துவர் சொல்ல வேண்டும் என்கிறோம்.

இன்னொரு ஆபத்து கலப்படம். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்தார்கள். சுமார் 70 சதவீதத்தில், டப்பாவில் எழுதிய புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சுமார் 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சு இருந்தது. மூலிகை கலந்தவற்றின் தரமும் திருப்தியாக இல்லை.

ஒரு பொடி சாப்பிட்ட சில வாரத்திலேயே முகம் உப்புகிறது, எடை கிடுகிடுவென ஏறுகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஆனால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தாகலாம். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அப்போ பலத்துக்கு என்ன வழி?

தசை வளர அடிப்படை புரதம். ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு தினம் 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடை என்றால் 50 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படலாம். அதாவது 72 முதல் 96 கிராம். உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கும்படி இதே கழகம் 2024 மே மாத உணவு வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

செடியில் இருந்து வரும் புரதம்தான் வேண்டுமா? 100 கிராம் நிலக்கடலை, உளுந்து, கொள்ளு, துவரம் பருப்பு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 22 முதல் 24 கிராம் இருக்கிறது. சோயாவில் இன்னும் அதிகம். ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பில் 200 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. அரிசியில் குறைவாக உள்ள அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. பருப்புச் சாதம், உளுந்தங்களி, இட்லி எல்லாம் இந்தக் கணக்கில் வந்த சாப்பாடுதான். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு முட்டையும் மீனும் கூடுதல் வசதி.

செல்போனில் 5 நிமிடச் சோதனை

1. டப்பாவைத் திருப்புங்கள். உணவுப் பொருளாக விற்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்தாக விற்றால் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் வாங்காதீர்கள்.

2. 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் அந்த 14 இலக்க எண்ணைப் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் ஒத்துப்போகிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும்.

3. எந்த மூலிகை, எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறதா? 'ரகசியக் கலவை' என்று மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

4. தேதி, தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். புகார் கொடுக்க இவைதான் ஆதாரம்.

5. சந்தேகம் என்றால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் புகார் அனுப்பலாம். பணம் தொடர்பான ஏமாற்றத்துக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உடல்நல ஆலோசனைக்கு 104.

இலவசமாகக் கேட்க ஓர் இடம்

அமுக்கரா சாப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவுக்குப் போகலாம். மாட்டுத்தாவணியில் இருந்து கோரிப்பாளையம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போய்விடலாம். அரசு சித்தா பிரிவுகளுக்கு மருந்து தயாரித்துக் கொடுப்பது, தமிழக அரசின் நிறுவனமான டாம்ப்கால். மருத்துவர் நாடி பார்த்து, உங்களுக்கு வேறு என்ன நோய், என்ன மாத்திரை என்று கேட்டு அளவு சொல்வார். மருந்துக்கும் ஆலோசனைக்கும் காசு கிடையாது. ஏற்கெனவே ஏதாவது பொடி சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பசியின்மை, அரிப்பு, கண்ணில் மஞ்சள், சிறுநீர் அடர்நிறமாகப் போவது என்று எதாவது தெரிந்தால், பொடியை நிறுத்திவிட்டு அன்றைக்கே போய்க் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஜல்லிக்கட்டில் இறங்கும் முன் மாடுபிடி வீரர்களுக்கும் காளைகளுக்கும் மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. வாடிவாசலுக்கே அந்தச் சோதனை உண்டு என்றால், வயிற்றுக்குள் போகும் பொடிக்கு 5 நிமிடம் ஒதுக்கலாம்தானே மாப்ள?